நோய்ப்பட்ட கோழிக்குஞ்சைக் கண்டறிந்து காப்பாற்றுதல்: பாலக்காட்டுச் சித்தூர் – பொள்ளாச்சி எல்லைப்புற வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் கொடாப்பை (கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடையை) தூக்கியவுடன் மற்றக் குஞ்சுகளெல்லாம் தாயின் பின்னால் ஓட, ஒன்று மட்டும் இறக்கைகளைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றால், அதன் நோய் அன்று காலையில் தொடங்கியதில்லை. நலிவை வெளிக்காட்டும் குஞ்சைக் கூட்டமே கொத்தி ஒதுக்கிவிடும் என்பதால், உடலில் தெம்பு இருக்கும் வரை அது நலமாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். நம் கண்ணில் படும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். அந்த நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்பதுதான். முதலில் கேட்க வேண்டியது "இது எத்தனை நாள் குஞ்சு?" என்பதே, அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது குஞ்சுக்குச் சூடு கொடுப்பது.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, கோபாலபுரம் எனக் கேரளமும் தமிழகமும் தொட்டுக்கொள்ளும் இந்தப் பக்கத்தில் கோழி வளர்ப்போர் நம் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று இரவு பகலாக வீசும்; மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும், விடியற்காலையில் குளிரும் இருக்கும். நான் வளர்க்கத் தொடங்கிய ஆண்டில், ஆனி மாதத்தில் பொரித்த பதினொரு சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) குஞ்சுகளைத் திண்ணையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவை ஒவ்வொன்றாகச் சோர்ந்தபோது கழிச்சல் நோய் என்று முடிவுகட்டி, கடையில் கொடுத்த மருந்துப் பொடியை நீரில் கலக்கிக் கொடுத்தேன். நான்கு குஞ்சுகள் இறந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியம்மா வந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, "கண்ணு, இதுகளுக்கு நோவு இல்ல, குளிரு" என்றார். பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டதும் மீதி ஏழும் அன்று மாலையே தீவனம் கொத்தின.

முதல் வேலை: பிரித்து வைத்துச் சூடு கொடுத்தல்

நோய்ப்பட்ட குஞ்சை உடனே எடுத்து, காற்றுப் படாத அறையில், அடியில் பழந்துணி விரித்த ஓர் அட்டைப்பெட்டியில் விட வேண்டும். செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி, சிறு குஞ்சுகளுக்குத் தொடை அகன்றுவிடும். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நோய்ப்பட்ட குஞ்சுக்கு அதன் வயதைவிட ஒரு வாரம் இளைய குஞ்சுக்கு உரிய சூட்டைக் கொடுப்பது என் வழக்கம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் மட்டுமே தரும், குஞ்சுக்குப் போதிய சூடு தராது. இதை அறியாமல் பலர் குஞ்சுகளை இழக்கிறார்கள்.

வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சைப் பார்த்தே கணிக்கலாம். பல்பின் அடியிலேயே ஒடுங்கிக் கீச்சிட்டால் சூடு போதவில்லை. மூலைக்கு ஓடி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். மழைக்காலத்தில் மின்சாரம் போவது இங்கு வழக்கம் என்பதால், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில் ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள். அது இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும், பிறகு நீரை மாற்ற வேண்டும். தாயைப் பிரிந்த இளங்குஞ்சு விடாமல் கத்தித் தெம்பை இழக்கும். துணைக்கு நலமான குஞ்சை விட்டால் அதற்கும் நோய் தொற்றலாம். அதனால் மடித்த கம்பளித் துணி ஒன்றை உயரத்திலிருந்து தொங்கவிட்டால், தாயின் இறக்கைக்குள் ஒண்டுவது போல அதன் அடியில் ஒண்டிக்கொள்ளும்.

இரண்டாவது: நீர்

உடல் சில்லிட்டிருக்கும் குஞ்சுக்கு நீரையோ உணவையோ புகட்டக் கூடாது. கால்கள் வெதுவெதுப்பான பிறகே புகட்ட வேண்டும். அரை மணி நேரம் சூட்டில் இருந்த பின், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் கலந்து கொடுக்கலாம். குளுக்கோஸ் இல்லையென்றால் வெல்லம் போதும், ஆனால் கழிச்சல் உள்ள குஞ்சுக்கு வெல்லம் மேலும் இளக்கும். உப்பை அள்ளிப் போட வேண்டாம், குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

புகட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். குஞ்சின் நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்து மூடுவதை, அலகைப் பிரித்துப் பார்த்தால் வெறுங்கண்ணாலேயே காணலாம். தொண்டைக்குள் சொட்டுக்குழாயை நுழைத்து அழுத்தினால் நீர் நுரையீரலுக்குப் போய், நோயினால் சாகாத குஞ்சு நம் கையால் சாகும். ஆகவே குஞ்சை நிமிர்ந்த நிலையில் பிடித்து, அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது தலையை உயர்த்தி விழுங்கிய பிறகே அடுத்த துளியை வைக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை ஐந்தாறு துளிகள் போதும். தானாகக் குடிக்கத் தொடங்கியதும், கூழாங்கற்கள் போட்ட ஆழமில்லாத தட்டில் நீர் வையுங்கள். தளர்ந்த குஞ்சு ஒரு விரற்கடை நீரிலும் முகம் கவிழ்ந்து மூழ்கிவிடும்.

மூன்றாவது: கையில் எடுத்துப் பார்த்தல்

குஞ்சு சற்றுத் தெளிந்தபின், நல்ல வெளிச்சத்தில், தலையிலிருந்து தொடங்கி ஒரே வரிசையில் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். கண்ணில் நுரையோ வீக்கமோ இருக்கிறதா, மூக்கில் சளி ஒட்டி உமி படிந்திருக்கிறதா, வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிகிறதா என்று பார்த்த பின், குஞ்சைக் காதருகே வைத்து மூச்சைக் கேட்க வேண்டும். நலமான குஞ்சின் மூச்சு கேட்காது. கொறகொறப்போ 'டிக்' என்ற ஒலியோ இருந்தால் நோய் மூச்சுப்பாதையில் இருக்கிறது. அடுத்து கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவுங்கள். காலையில் தீவனத்துக்கு முன் அது காலியாக இருக்க வேண்டும். முந்தைய நாளின் தீவனம் மாவு போலத் தேங்கி நின்றால் செரிமானம் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

பிறகு நெஞ்செலும்பின் மேல் விரலை வையுங்கள். இரு பக்கமும் சதை நிரம்பியிருந்தால் நோய் அண்மையில் வந்தது. எலும்பு அரிவாள் முனை போலக் கூராகத் தட்டுப்பட்டால் குஞ்சு பல நாட்களாக உண்ணவில்லை, அல்லது உண்டது உடம்பில் ஒட்டவில்லை. கணைக்காலின் தோல் சுருங்கி வறண்டிருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. கடைசியாக வாலடியைப் பாருங்கள். எச்சம் காய்ந்து மலவாயை அடைத்திருந்தால், பிய்த்து எடுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் ஒற்றி இளக்கி, மெல்லத் துடைத்து, ஈரத்தை நன்றாக உலர்த்தித் துளி தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். முதல் வாரக் குஞ்சில் மலவாய்க்குச் சற்று முன்னால் தொப்புள் இருக்கும். உதிர்ந்துகொண்டிருக்கும் தொப்புள் பொருக்கை எச்சம் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். இறக்கையின் அடியிலும் வாலடியிலும் செள், பேன் ஊர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரத்தம் உறிஞ்சும் செள் கூட்டமாகப் பற்றினாலே சிறு குஞ்சு வெளிறிச் சோர்ந்துவிடும்.

நான்காவது: எச்சத்தைப் படித்தல்

பெட்டியில் வெள்ளைத் துணியோ வெள்ளைத் தாளோ விரித்து வைத்தால், இரண்டு மணி நேரத்தில் குஞ்சே நமக்குச் செய்தி சொல்லிவிடும். பழுப்பு நிறத்தில் கெட்டியாகவும் நுனியில் வெள்ளைத் தொப்பியுடனும் இருப்பது இயல்பான எச்சம். ஏழெட்டு முறைக்கு ஒரு முறை, கரும்பழுப்பு நிறத்தில், கூழாக, கடும் நாற்றத்துடன் ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, அதுவும் இயல்புதான். அதைப் பார்த்துக் கழிச்சல் என்று மருந்து கொடுப்பவர்கள் ஏராளம்.

சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டும் எச்சம் இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சில் வந்தால், முட்டை வழியாகவே தொற்றி வரும் சால்மோனெல்லா என்னும் கிருமி வகை நோயை நினைக்க வேண்டும். பச்சையும் வெள்ளையும் கலந்து நீராகப் போவது, மூச்சுத் திணறலோடு சேர்ந்தால், இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இரத்தமோ, செம்மண் கரைசல் போன்ற நீரோ வந்தால் ஐயமின்றி இரத்தக்கழிச்சலை முதலில் எண்ணிச் செயல்பட வேண்டும்.

வயது என்னும் வழிகாட்டி

பொரித்து முதல் வாரத்தில் இறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை குளிராலும், நீர் வற்றுவதாலும், தொப்புள் வழியாக நுழைந்த கிருமியாலும் இறக்கின்றன. வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகவும் நாற்றத்துடனும் இருந்தால் அது தொப்புள் தொற்று. காப்பாற்றுவது கடினம், ஆனால் சூடும் மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லியும் சிலவற்றை மீட்கும். இந்த வயதில் இரத்தக்கழிச்சல் வராது, ஏனெனில் அதற்குக் காரணமான ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் உயிரி குடலுக்குள் பெருகி வெளிப்படவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

மூன்று முதல் ஆறு வாரம் வரையிலான காலமே நம் பகுதியில் மிகவும் கவனம் தேவைப்படும் காலம். இரத்தக்கழிச்சல் இந்த வயதில்தான் கூட்டமாகத் தாக்கும். கம்போரோ என்னும் வைரஸ் நோயும் இப்போதுதான் வரும். அதில் குஞ்சு நடுங்கி, தன் மலவாயையே கொத்தி, வெண்ணிற நீராகக் கழியும். அம்மையோ கொசு பெருகும் எந்தப் பருவத்திலும், எந்த வயதிலும் வரும்.

இரத்தக்கழிச்சலை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் சரியான நேரத்தில் கண்டால் வீட்டிலேயே வெல்லக்கூடிய நோய் இது. ஐமீரியாவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. நீர்த்தட்டைச் சுற்றி நனைந்து கிடக்கும் உமிதான் அவற்றின் விளைநிலம். ஃபினாயிலும் பிளீச்சிங் பொடியும் இவற்றைக் கொல்வதில்லை. கொதிநீரும் தீயும் நன்கு உலர்தலும்தான் கொல்லும்.

மருந்தாக ஆம்ப்ரோலியம் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 20 சதவீதத் தூளாக இருந்தால், ஒரு லிட்டர் குடிநீருக்கு 0.6 கிராம் வீதமும், இரத்தம் தெளிவாகத் தெரியும் கடும் நிலையில் 1.2 கிராம் வீதமும், மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை கொடுத்து, அதன்பின் 0.3 கிராம் வீதம் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குத் தொடர வேண்டும். தூளின் செறிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உறையைப் படித்து அளவைச் சரிபாருங்கள். கண்ணளவில் போடாமல், நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. நீரைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு நீர் எதுவும் கிடைக்கக் கூடாது. சோர்ந்த குஞ்சு தானாகக் குடிக்காது, அதற்குத் துளித்துளியாகப் புகட்டியே ஆக வேண்டும். ஒரு குஞ்சில் கண்டாலும் கூட்டம் முழுவதற்கும் கொடுக்க வேண்டும்.

ஆம்ப்ரோலியம், வைட்டமின் பி1 போன்ற அமைப்பைக் கொண்டது. அந்த வைட்டமினை எடுத்துக்கொள்ளப் பார்க்கும் ஐமீரியாவை ஏமாற்றிப் பட்டினி போடுவதே அதன் வேலை. எனவே அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். தெம்புக்காக இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்து, மருந்து கேட்கவில்லை என்று ஒரு வாரம் நானும் தவித்திருக்கிறேன். மருந்து முடிந்த பிறகு டானிக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம். மருந்தோடு சேர்த்து, அடியில் உள்ள உமியைத் தினமும் அள்ளி எரித்துவிட்டுப் புதியதைப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் குணமான குஞ்சே மறுபடி அதைக் கொத்தித் தின்னும்.

உமிக்குப் பதிலாகக் கடலைப் பொட்டை (நிலக்கடலை மேலோட்டை) பரப்பும் வழக்கம் நம் கடலை விளையும் ஊர்களில் உண்டு. புதியதாகவும் காய்ந்ததாகவும் இருந்தால் தவறில்லை. பூசணம் பிடித்ததாக இருந்தால் அதன் தூசி நுரையீரலில் இறங்கி, சளியும் ஒலியும் இல்லாமலே குஞ்சு வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்கி இறக்கும். அதற்கு மருந்தும் இல்லை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சால் ஈரலைக் கெடுக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதும் போகாது.

இராணிக்கெட்டும் அம்மையும், இரு மொழிப் பெயர்களும்

இராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது. மூச்சுத் திணறல், பச்சை வெள்ளைக் கழிச்சல், பிழைத்தவற்றில் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன், பசியைத் தூண்டவும் தெம்பூட்டவும் அது உதவுகிறது. ஆனால் வைரஸை அது ஒழிப்பதில்லை. காப்பது தடுப்பூசிதான்: ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் ஊசி. ஒரு குப்பியில் நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ போடும் அளவு இருக்கும், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அதனால் எங்கள் தெருவில் நான்கு வீடுகள் பேசி வைத்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம். குப்பியைப் பனிக்கட்டியோடு எடுத்து வாருங்கள். நோய்ப்பட்ட குஞ்சுக்குத் தடுப்பு மருந்து போடக் கூடாது.

எல்லையில் இருப்பவர்கள் சொல் குழப்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். கேரளத்து மிருகாஸ்பத்திரியில் இராணிக்கெட்டைக் 'கோழி வசந்த' என்பார்கள், அம்மையை 'வசூரி' என்பார்கள், இரத்தக்கழிச்சலை 'ரக்தாதிசாரம்' என்பார்கள். நாம் "அம்மை" என்று சொல்லி, அவர்கள் வேறொன்றைப் புரிந்துகொண்டால் குஞ்சுதான் பாதிக்கப்படும். பெயரைச் சொல்வதைவிட, வயது, எச்சத்தின் நிறம், எத்தனை குஞ்சுகளுக்கு, எத்தனை நாளாக என்று கண்டதைச் சொல்லுங்கள். எச்சத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

அம்மை கொசுவால் பரவும். கண்ணிமை, அலகோரம், கொண்டை ஆகிய இடங்களில் பொரியாக எழும்பிப் பொருக்காகும். பொருக்கைப் பிய்க்காமல், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, கண்ணைக் கொதித்தாறிய நீரால் காலை மாலை துடைத்துவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக உதிரும். இந்த நோயில் குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பட்டினியால்தான். இரண்டு கண்ணும் மூடிய குஞ்சுக்குத் தீவனத் தட்டு தெரியாது, நாம்தான் ஊட்ட வேண்டும்.

கால் விரல்கள் உள்பக்கம் மடங்கினால் வைட்டமின் பி2 குறைவு, தலை பின்னோக்கி வானத்தைப் பார்த்தால் பி1 குறைவு; இரண்டும் தொடக்கத்திலேயே பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் சில நாட்களில் சரியாகும். ஆறு வாரத்துக்கு மேல் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் மாரெக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இல்லை.

உணவும் கவனிப்பும்

நீர் குடிக்கத் தொடங்கிய குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, சிட்டிகை சிட்டிகையாக, இரண்டு மணிக்கு ஒரு முறை வையுங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிறிதளவு பிசைந்து சேர்க்கலாம்; நொய்க்கஞ்சியும் ஏற்றுக்கொள்ளும். பால் வேண்டாம். மீதமான ஈரத் தீவனத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் நம் வெயிலில் புளித்துவிடும். விரல் நுனியால் தட்டில் 'டொக் டொக்' என்று தட்டினால், தாய் கொத்திக் காட்டுவதாக எண்ணிக் குஞ்சு வந்து கொத்தும். நோயில் பசி மறந்த குஞ்சை மறுபடி உண்ண வைப்பதில் இதைப் போல உதவியது எனக்கு வேறொன்றுமில்லை.

ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்பால் கை கழுவுங்கள். குழந்தைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதைத் தடுங்கள், சால்மோனெல்லா மனிதருக்கும் வரும். நலமான குஞ்சுகளின் வேலையை முதலில் முடித்து, நோய்ப்பட்டதைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

ஒரே நாளில் இரண்டு குஞ்சுகளுக்கு மேல் இறந்தாலோ, இரத்தக்கழிச்சல் மருந்து தொடங்கி இரண்டு நாளில் மாற்றம் தெரியாவிட்டாலோ, கழுத்து முறுக்கினாலோ காத்திருக்கக் கூடாது. இறந்த குஞ்சைக் கசியாத இரட்டைப் பையில் இட்டு, பனிக்கட்டியின் மேல் வைத்து, உறையவிடாமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், அறுத்துப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு குஞ்சின் உடல் மீதி இருபதைக் காப்பாற்றும். இறந்த மற்றவற்றை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாமல், இரண்டு மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்து, தலை வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் கேரளத்தில் அது கண்டறியப்பட்டபோது, வாளையாறு முதல் கோபாலபுரம் வரை உள்ள சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நிலையில் இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், எல்லை தாண்டி விற்கவோ கொடுக்கவோ செய்யாமல், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

கூட்டத்தில் மறுபடி சேர்த்தல்

எச்சம் மூன்று நாள் தொடர்ந்து கெட்டியாக வந்து, குஞ்சு தானாகத் தின்று, நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை பிடிக்கத் தொடங்கியதும் திரும்பச் சேர்க்கலாம். பல்பைத் திடீரென நிறுத்தாமல், பகலில் மட்டும் அணைத்து இரண்டு நாள் பழக்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்திருந்த குஞ்சைச் சில தாய்க்கோழிகள் அடையாளம் தெரியாமல் கொத்தும். ஆகவே இருட்டிய பிறகு, எல்லாம் அடைந்திருக்கும் நேரத்தில், தாயின் இறக்கைக்கு அடியில் மெல்லச் செருகிவிட்டு, மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து கொடாப்பின் அருகில் நின்று, முதல் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.